டிசம்பர் தாளில் நான் அடைத்த புள்ளிகள்

நீங்கள் கணினியில் ஒரு புள்ளியை அழிக்கிறீர்கள். தப்பாக அழித்துவிட்டால் ஒரு தட்டுத் தட்டித் திரும்ப வரவைக்கிறீர்கள். போன மாதம் நான் பழைய பிரஸ்ஸுக்கு வந்தபோது, இப்போது அங்கே வேலை பார்க்கும் உங்களில் ஒரு தங்கச்சி அதை எனக்குச் செய்து காட்டினாள். அழித்தாள், வரவைத்தாள், மறுபடி அழித்தாள். நான் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி நின்றேன். நான் ஒருமுறை அழித்ததைத் திரும்ப வரவைக்க ஆமத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. அந்தக் கதையை எழுதித் தருகிறேன். மெஷினைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு வராது. நான் பழகிய மெஷின்களை எடைக்குப் போட்டாகிவிட்டது.

என்னைப் பற்றி நாலு வரி. ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன். லாரியில் கிளீனராகப் போனேன். சூரத்தில் சாயப்பட்டறை, கோலாப்பூரில் ஓட்டல், பம்பாயில் ஒரு லேபிள் பிரஸ். டச்சிங் வேலையைக் கற்றது அந்த லேபிள் பிரஸ்ஸில்தான். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஏதாவது ஒரு தப்பு நடக்கும். யாராவது வந்து கேட்பதற்குள் பையைத் தூக்கிவிடுவேன். இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு சவரக்கத்தி. பை எப்போதும் கட்டியபடியே கிடக்கும். பசியும் நடைபாதைத் தூக்கமும் அதோடு சேர்ந்து வந்தவை, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நாற்பது வயதில் சிவகாசிக்குத் திரும்பி வந்து இந்தப் பிரஸ்ஸில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. அப்போது படம் கணினியிலிருந்து நேராக அச்சுத் தகட்டுக்குப் போகாது. நடுவில் பிலிம் உண்டு. ஒரு வண்ணப் படத்துக்கு நாலு பிலிம்: நீலம், ரோஜா நிறம் தட்டும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. எந்த மைக்கு உரியதானாலும் பிலிம் பார்க்கக் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். பிலிமில் கறுப்பாக இருக்கும் இடத்தில் மை விழும், கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் இடத்தில் விழாது. அவ்வளவுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

தூசி எங்கள் பரம்பரை எதிரி. கரிசல் மண் ஒரு பக்கம், தீக்குச்சித் தூள் ஒரு பக்கம், பட்டாசு ஆலைக்குப் போய்வருகிறவர்கள் தலையிலும் சேலையிலும் பஸ்ஸில் கொண்டுவரும் வெள்ளிநிற அலுமினியப் பொடி ஒரு பக்கம். பிலிம் எடுக்கும்போது ஒரு துணுக்குத் தூசி மேலே உட்கார்ந்தால் கறுப்பில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழும். அச்சில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். லட்சுமி முகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் காலண்டர் திரும்பி வந்துவிடும். டச்சிங் என்றால் அந்த ஓட்டைகளை அடைப்பது. கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் பிலிமை விரித்து, கண்ணில் லென்ஸ் வைத்து, மூன்று முடி தடிமனுள்ள தூரிகையால் கறுப்பு மையைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். என் கையில் போய் வந்த பிலிமில் புள்ளி இருக்காது என்று ஊரில் நாலு பிரஸ்ஸுக்குத் தெரியும். எனக்கு அதில் கர்வம் இருந்தது.

பிலிமைக் கழுவி எடுத்துத் தருவது சண்முகத்தாய். அப்போது அவளுக்கு முப்பது வயதிருக்கும். அதற்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிகளுக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. அவளுக்கு இடது கை முழங்கை வரைக்கும் வெந்தது. அறைக்குள் இருந்த இரண்டு பேர் உயிரோடு வெளியே வரவில்லை. ஆறின கையோடு வந்து, எந்த வேலையானாலும் சரி, மருந்து மட்டும் வேண்டாம் என்று இங்கே சேர்ந்தாள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். புருஷன் சீசனுக்கு லோடு ஏற்றப் போவான், மற்ற நாட்களில் வீட்டில் இருப்பான்.

அந்த வருஷம் விருதுநகரிலிருந்து பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஆர்டர் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு தாள் காலண்டர். சாமி கிடையாது, குழந்தை கிடையாது, ஊட்டி ரோஜா கிடையாது. பன்னிரண்டு மாதத்துக்கும் வானம். பூமியைச் சுற்றிக்கொண்டே படம் பிடிக்கும் ஒரு தொலைநோக்கி அனுப்பிய படங்களாம். புத்தாண்டன்று சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். பேச வந்தது ஒரு இயற்பியல் டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது சின்னவர். ஈரக் குடையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்த ஒரே பார்ட்டி அவர்தான்.

மெஷின்மேன் கருப்பசாமி படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், ஒரு மாசத்துக்காவது ஒரு முருகனப் போடுங்க. இல்லாட்டி எந்த வீட்டுலயும் ஆணி அடிக்க மாட்டாக."

"பள்ளிக்கூடத்துல ஏற்கெனவே ஆணி இருக்குண்ணே," என்றார் டீச்சர். "போன வருசம் நீங்க அடிச்ச முருகன்தான் தொங்குறாரு."

பிறகு எங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். மூன்று தூண்கள்போல் நிற்கும் புகை ஒன்று. அது வாயுவும் தூசியும், அதற்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்றார். கண்ணின் கருமணிபோல் ஒன்று. அது செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் ஊதித் தள்ளிய கூடு. நட்சத்திரத்துக்குப் பிறப்பும் இறப்பும் உண்டு என்பதை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். கருப்பசாமி என் காதில், "அங்கனயும் தூசிதானா அண்ணாச்சி? ஒமக்கு வேல இருக்கும்," என்றான்.

அன்று பதினோரு படம்தான் வந்தது. டிசம்பருக்கான படம் பின்னால் வந்தது. டீச்சர் அதை ஒரு குறுந்தட்டில் கொண்டுவந்து முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது இல்லை. கணினியிலிருந்து எடுத்த வண்ண நகல் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டச்சிங் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இப்போது உங்களுக்கும் அதுதான் வழக்கம்.

பிலிம் என் மேசைக்கு வந்த அன்று முதலாளி குடும்பத்தோடு இருக்கன்குடிக் கோயிலுக்குப் போயிருந்தார். முடி காணிக்கை. நகல் அவர் மேசை அறைக்குள். சாவி அவரோடு. சீசன் உச்சம். மெஷின் அந்தத் தாளுக்காகத்தான் நின்றது. கருப்பசாமி மணிக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்த்தான்.

கறுப்புப் பிலிமை விளக்கு மேசைமேல் விரித்தேன். தாள் முழுக்கக் கறுப்பு, அதில் கடுகு சிதறியதுபோல் ஓட்டைகள். பெரிதாக நாற்பது ஐம்பது உருவம் இருந்தது. நத்தைபோலச் சுருண்டது, தட்டுபோலச் சாய்ந்தது. அவை படம் என்று புரிந்தது. மற்றதெல்லாம் ஊசிமுனை.

"என்ன புள்ளே, பிலிமை ரோட்டுல போட்டு இழுத்துட்டு வந்தியா?" என்றேன்.

சண்முகத்தாய் வந்து குனிந்து பார்த்தாள். "நான் சுத்தமாத்தான் களுவுனேன் அண்ணாச்சி. ஒரு பிலிமுக்கு இம்புட்டு ஓட்டை எப்படி வரும்? மொதலாளி வரட்டும், அந்த நகலப் பாத்துட்டு..."

"பட்டாசு ஆலையில இருந்து நேத்து வந்தவ நீ. எனக்குச் சொல்லித் தாரியாக்கும்?"

அவள் பிலிம் அறைக்குத் திரும்பிப் போனாள்.

ஒன்றரை நாள் உட்கார்ந்தேன். பெரிய உருவங்களை விட்டுவிட்டு, சின்னப் புள்ளி ஒவ்வொன்றையும் அடைத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. முடிந்தபோது கறுப்பு அவ்வளவு கறுப்பாக இருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அது. கருப்பசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் விசிலடித்தான். தகடு போட்டு, மெஷின் ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை முற்பகல் டீச்சர் எதேச்சையாக வந்தார். அச்சான தாள்களைப் பார்க்க வேண்டும் என்றார். டிசம்பர் தாள் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. கோயிலிலிருந்து திரும்பியிருந்த முதலாளி பெருமையோடு ஒரு தாளை உருவிக் கொடுத்தார். டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுல இருந்ததெல்லாம் எங்க சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. தன் வீட்டுக்குள் வந்து, கட்டில் எங்கே என்று கேட்பவர்போல் கேட்டார்.

முதலாளி தன் மேசையிலிருந்து நகலை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். அங்கிருந்தே வித்தியாசம் தெரிந்தது. நகலில் வானம் நிறைந்திருந்தது, தாளில் வழித்துவிட்டிருந்தது. விசாரித்துப் போன் பண்ணுகிறேன் என்று சொல்லி டீச்சரை அனுப்பிவிட்டு, என்னையும் சண்முகத்தாயையும் உள்ளே கூப்பிட்டார்.

முதலாளிக்குக் காகிதம் தெரியும், வியாபாரம் தெரியும், பிலிம் தெரியாது. கறுப்புமேல் கறுப்பு மை வைத்திருப்பதைப் பிலிமைச் சாய்த்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் கண்டுபிடிப்பான்.

"சண்முகத்தாயி, பிலிம் களுவுற மருந்துத் தண்ணியில கூட நேரம் போட்டியா? புள்ளியெல்லாம் மூடிப்போச்சே?"

"இல்ல மொதலாளி. எங்கிட்ட இருந்து போறப்ப எல்லாம் இருந்துச்சு. அண்ணாச்சியக் கேளுங்க, அவுகதான் டச்சிங் பண்ணாக."

முதலாளி என்னைப் பார்த்தார். தம்பி தங்கைகளே, மனிதன் பொய் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. அது தானாக வரும். "வழக்கம்போல நாலஞ்சு புள்ளி எடுத்தேன், அம்புட்டுதான்," என்றேன்.

பம்பாயில் வேலை பார்த்தவன் சொல்லுக்கும், மருந்து செலுத்திக்கொண்டிருந்தவள் சொல்லுக்கும் எடை வேறு. முதலாளி அவளிடம், "இன்னைக்கு உள்ள வேலைய முடிச்சு ஒப்படைச்சிட்டுப் போ. திங்கக்கெளம வர வேண்டாம்," என்றார். அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். "திரும்ப மருந்துக்குத்தான் போவணும்," என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து இடது கையை மூடிக்கொண்டு பிலிம் அறைக்குப் போனாள்.

நான் என் அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். எனக்குப் பழக்கமான வேலை. மத்தியானம் விருதுநகர் பஸ்ஸில் பின்பக்கம் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து எங்கேயாவது. பஸ் கிளம்பும் நேரத்தில் குடையை மடக்கியபடி டீச்சர் ஏறினார். கடைவீதியில் ஏதோ வாங்கியிருந்தார். முன்னால் இடமில்லை. நடுவழிக்கு அந்தப் பக்கம், எனக்கு நேரே காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க பிரஸ்ல இருக்கீகல்ல?"

இருக்கிறேன் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

"அந்தப் படத்த நீங்க பாத்தீகளா?" என்றவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நகலேதான். முதலாளி கையோடு கொடுத்தனுப்பியிருக்கிறார். அப்போதுதான் முதல்முறையாக அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் அடைத்தவை எல்லாம் அதில் இருந்தன. மஞ்சள், நீலம், சில மங்கின சிவப்பு.

"இம்புட்டும் நட்சத்திரமா டீச்சர்?"

"நட்சத்திரம் அஞ்சாறுதான் இருக்கும். மத்ததெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு நட்சத்திரக் கூட்டம்ணே. ஒரு புள்ளிக்குள்ள ஆயிரக்கணக்கான கோடி சூரியன். நாம இருக்குறதும் அது மாதிரி ஒண்ணுலதான்."

நான் ஒன்றரை நாளில் எத்தனை அடைத்தேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்தினேன்.

பஸ் திருத்தங்கல் தாண்டியது. டீச்சர் தன்னாலே பேசிக்கொண்டிருந்தார். மனம் வருத்தத்தில் இருந்தவருக்குப் பேசுவது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அந்தப் படம் எடுத்த இடத்தில் வானம் காலியாகத்தான் தெரிந்ததாம். கையை நீட்டி விரல் நுனியில் ஒரு மணலைப் பிடித்தால் மறைந்துபோகும் அளவு இடம். ஒன்றுமில்லாத இடத்தை அவ்வளவு விலையுள்ள தொலைநோக்கியால் பார்ப்பது வீண் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் பத்து நாள் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார்கள். மூவாயிரம் நட்சத்திரக் கூட்டம் வந்தது. காலி என்று நினைத்த மணலளவு இடத்திலேயே அவ்வளவு என்றால் மிச்ச வானத்தில் எவ்வளவு என்று அதற்குப் பிறகுதான் மனிதனுக்குப் புரிந்தது என்றார்.

"இதுலயே ரொம்பச் சின்னதா, மங்கலா, செவப்பா இருக்கு பாருங்க. அதுதான் ரொம்பத் தூரம். ஆயிரம் கோடி வருசம் முன்னால கெளம்புன வெளிச்சம். அண்டம் விரிஞ்சுக்கிட்டே இருக்கறதால வர்ற வழியிலயே இழுபட்டு இழுபட்டு செவப்பாயிருது. பிள்ளைகளுக்கு நான் காட்டணும்னு நெனச்சதே அதத்தான். அதுதான் மொதல்ல காணாமப் போயிருக்கு."

எனக்கு என் தரப்பில் கேட்க ஒரு கேள்வி இருந்தது. நியாயமான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். "அது தூசி இல்லன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும் டீச்சர்? கேமராவுலயும் புள்ளி விழும்ல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாக் கேட்டீக. விழும். அங்க வேற மாதிரித் துகளெல்லாம் வந்து கேமராவுல அடிக்கும், நெறையப் பொய்ப்புள்ளி விழும். அதனால ஒரே எடத்தத் திரும்பத் திரும்ப எடுப்பாங்க. நீலக் கண்ணாடி வச்சு, செவப்புக் கண்ணாடி வச்சுன்னு தனித்தனியா எடுப்பாங்க. எல்லாமே கறுப்பு வெள்ளதான். அப்புறம் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுக் கலர் சேப்பாங்க. ஒரு தடவ மட்டும் வந்து, அடுத்ததுல இல்லேன்னா அது பொய். ஒவ்வொண்ணுலயும் அதே எடத்துல இருந்தா நெசம்."

கறுப்பு வெள்ளையில் தனித்தனியாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கலர் சேர்ப்பது. அது என் வேலை. வருஷக்கணக்காக நான் செய்யும் வேலை. தூசி நாலு பிலிமிலும் ஒரே இடத்தில் விழாது. மற்ற மூன்றையும் எடுத்துக் கறுப்பின்மேல் வைத்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். மூன்று பிலிமும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தன. சண்முகத்தாய் சொன்னதும் அதைத்தானே, ஒரு பிலிமுக்கு இம்புட்டு ஓட்டை வராது என்று.

"விடுங்க," என்றார் டீச்சர். "அந்தத் தொலைநோக்கியே மொதல்ல சொதப்பிருச்சு, தெரியுமா? மேல அனுப்புனப்பறந்தான் பாத்தாங்க, படமெல்லாம் கலங்கலா வருது. கண்ணாடியத் தேய்க்கிறப்ப ஓரத்துல முடி கனத்துல அம்பதுல ஒரு பங்கு கூடுதலாத் தேச்சுட்டாங்க. ஊரே சிரிச்சுது. அப்புறம் எவ்வளவு தப்பு, எந்த எடத்துல தப்புன்னு துல்லியமாக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு நேர் எதிராத் தேச்ச சின்னக் கண்ணாடிகளக் கொண்டுபோய் மேலயே மாட்டுனாங்க. நாம மூக்குக் கண்ணாடி போடுற மாதிரி. மூணு வருசம் கழிச்சு. தப்பு இன்னதுன்னு சரியாத் தெரிஞ்சதாலதான் சரிபண்ண முடிஞ்சுது. இல்லேன்னா அது இன்னைக்கும் குருடாத்தான் சுத்திக்கிட்டிருக்கும்."

கண்டக்டர் ஆமத்தூர் என்று கத்தினார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"விருதுநகர் டிக்கெட்டுதான எடுத்தீக?"

"டீச்சர், கண்ணாடியத் தப்பாத் தேச்சது நான்தான்," என்றேன்.

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த நகலைத் திரும்ப வாங்கவில்லை. "அப்ப எறங்குங்க சீக்கிரம், பஸ் எடுக்கப் போறான்," என்றார்.

ஆமத்தூர் நிறுத்தத்தில் சிவகாசிக்குத் திரும்பும் பஸ் வரவில்லை. தீப்பெட்டி பண்டல் ஏற்றி வந்த ஒரு வேனைக் கையைக் காட்டி நிறுத்தி, பண்டல்மேல் உட்கார்ந்து வந்தேன். வழியில் இரண்டு தடவை இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. வேன் நிற்கவில்லை. அதற்கு நான் இன்றும் அந்த டிரைவருக்கு நன்றி சொல்வேன்.

பிரஸ்ஸில் சண்முகத்தாய் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னையும் என் பையையும் பார்த்தாள். "ஊருக்குப் போறவுக சொல்லிட்டுப் போக வந்தீகளாக்கும்," என்றாள்.

"வாளிய வையி. கூட வா."

முதலாளி முன்னால் போய் நின்றேன். "புள்ளியெல்லாம் அடைச்சது நான்தான் மொதலாளி. தூசின்னு நெனச்சேன். நகலுக்குக் காத்திருக்கல. இவ சொன்னா, நான் கேக்கல. காலையில கேட்டப்ப பொய் சொன்னேன்." இந்த வரிசையில் சொன்னதாக ஞாபகம். பஸ்ஸில் கேட்டதை வைத்து, எது தப்பு, எந்த இடத்தில் தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது ஒரு விஷயம் கவனித்தேன். மனிதர் திட்டத் தொடங்கினாலும், இடையில் நிறுத்தி, "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிடுகிறார். அதுவரைக்கும் நான் எந்த ஊரிலும் அந்தக் கேள்வி வரைக்கும் நின்றதில்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்பதே எனக்குத் தெரியாது.

செய்ய வழி இருந்தது. நான் அடைத்த மை தண்ணீரில் கரையும். ஈரப் பஞ்சால் துடைத்தால் பிலிம் பழையபடி வந்துவிடும். ஆனால் மொத்தத்தையும் துடைத்தால் உண்மையான தூசியும் சேர்ந்து வந்துவிடும். எது தூசி, எது நட்சத்திரக் கூட்டம் என்று நகலை வைத்து முழுதாகச் சொல்ல முடியாது. மிக மங்கலான சில புள்ளிகள் நகலில் தெளிவாக விழவில்லை. நாலு பிலிமையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

துடைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் சண்முகத்தாயும் விளக்கு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நான் லென்ஸில் பார்த்து, "நாலுலயும் இருக்கு," என்பேன். அவள் அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவாள். கறுப்பில் மட்டும் இருந்தால் தூசி, அடைத்துவிடுவேன். வேலை ஓடியது.

ஒரு இடத்தில் கறுப்பிலும் நீலத்திலும் ஓட்டை இருந்தது, சிவப்பிலும் மஞ்சளிலும் இல்லை. "தூசி," என்று தூரிகையை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "இருங்க. தூசின்னா ரெண்டு பிலிமுலயும் ஒரே எடத்துலயா சொல்லிவச்சு உக்காரும்?"

"மத்த ரெண்டுல காணலயே?"

"செவப்பும் மஞ்சளும் அங்கன கெட்டியா இருக்கு பாருங்க. ஓட்ட இல்ல, மை கூடுதலா விழுது. நீலம் இல்லாம, கறுப்பு இல்லாம, அது ரெண்டு மட்டும் விழுந்தா என்ன கலரு வரும்?"

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தேன். "செவப்பு," என்றேன்.

செவப்பா இருக்கறதுதான் ரொம்பத் தூரம் என்று டீச்சர் சொன்னதை அவளிடம் சொன்னேன். ஆயிரம் கோடி வருஷம், வழியில் இழுபடும் வெளிச்சம், எல்லாம் சொன்னேன். அவள் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தத, அன்னைக்கு நீங்க ஒரு சொட்டு மையில முடிச்சுட்டீக," என்றாள். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு தூரிகையை என்னிடமிருந்து வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் கொடுத்தாள். மாலைக்குள் அப்படிச் சிவப்புப் புள்ளிகள் இன்னும் நிறையக் கண்டுபிடித்தாள். அவள் இல்லாவிட்டால், நான் திருந்திய பிறகும் அவற்றை இரண்டாவது தடவை அடைத்திருப்பேன்.

இந்தக் கதையிலிருந்து உங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரு புள்ளியை அழிக்கும் முன் இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த ஆள் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. மற்றது கணினி பார்த்துக்கொள்ளும்.

டிசம்பர் தாளைத் திரும்ப அச்சடித்தோம். திங்கட்கிழமை சண்முகத்தாய் வழக்கம்போல வந்தாள். முதலாளி அவளுக்காக டச்சிங் மேசைக்கு இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார். டீச்சர் புதுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நான் நிற்கிற பக்கம் திரும்பி, "இப்பக் கண்ணு தெரியுது," என்றார். புத்தாண்டுக்குக் காலண்டர் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. முருகன் இருந்த ஆணியில் அதை மாட்டினார்களா, பக்கத்தில் வேறு ஆணி அடித்தார்களா என்று கருப்பசாமி கேட்டுக்கொண்டே இருந்தான்.

என் பையை அவிழ்த்து சட்டைகளைக் கொடியில் போட்டேன். ஓய்வு பெறும் வரைக்கும் இந்தப் பிரஸ்ஸில்தான் இருந்தேன். இந்தத் தொழிலில் தப்பே செய்யாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். நிறையச் செய்தேன். ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று விட்டுப்போயிற்று. கெட்டுப்போன தாள்கள் இங்கே எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். வழித்துவிட்ட அந்தக் கறுப்பு வானம் முழுவதையும் வெடிக்குக் குழாய் சுருட்டுவதற்காக வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஆலைக்கு ஏற்றிவிட்டார்கள். தாள் போனது. சண்முகத்தாய் போகவில்லை.

அடுத்த தீபாவளி முடிந்த மறுநாள் காலை, பிரஸ் வாசலில் குவிந்து கிடந்த வெடிக் காகிதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாய் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். கறுப்புத் துண்டு, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. விளக்கு மேசையில் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இது எது அண்ணாச்சி, தூசியா?"

"மத்த மூணு பிலிமையும் கொண்டா," என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன்."